சந்தாப் பட்டியல்தான் சங்கம்: தோட்டம் கலைந்த பிறகு உறுப்பினர் கட்டணத்தை முறையாக வசூலிப்பது எப்படி?

சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் வசம் இருந்த சுமார் 2,300 ஏக்கர் நிலம் இன்று குவாசா டாமன்சாரா என்ற புதுநகராகி வருகிறது. எல்மினா தோட்டம் இருந்த இடத்தில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. 2016 டிசம்பர் 16-ஆம் தேதி சுங்கை பூலோவிலிருந்து எம்ஆர்டி ரயில் ஓடத் தொடங்கியது. பால்மரம் வெட்டிய குடும்பங்களின் பிள்ளைகள் ரவாங், ஷா ஆலம், காப்பார், கிள்ளான், பூச்சோங் எனப் பல திசைகளில் குடியேறிவிட்டார்கள்.

தோட்டம் போனதோடு இன்னொன்றும் போனது. அதுதான் சந்தா வசூலிக்கும் இடம். சம்பள நாளன்று எல்லாரும் ஒரே இடத்தில் கூடுவார்கள். மாலையில் சங்கப் பொருளாளர் நோட்டுப் புத்தகத்தோடு லயம் லயமாக நடந்தாலே முக்கால்வாசிப் பணம் வந்துவிடும். இன்று அதே சங்கம் தாமான், அடுக்குமாடி எனச் சிதறிக் கிடக்கும் உறுப்பினர்களைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. ஆலய நிர்வாகம், தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கம், முடிதிருத்தும் நிலைய உரிமையாளர் சங்கம், உணவக உரிமையாளர் சங்கம், ஆசிரியர் சங்கம் என எதுவானாலும் சிக்கல் ஒன்றே.

ஆண்டுக்கு 20, 30 ரிங்கிட் சந்தாவுக்காக இத்தனை கவலையா என்று கேட்கலாம். ஆனால் சந்தா வெறும் பணமல்ல. யார் உறுப்பினர், யாருக்கு ஓட்டுரிமை, பொதுக்கூட்டத்துக்குக் கோரம் சேர்ந்ததா, சங்கக் கட்டடத்தைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை யாருக்கு என்ற எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சந்தாப் பதிவேட்டில்தான் இருக்கிறது. அந்தப் பதிவேடு சரியில்லாத சங்கத்தில் தகராறு வந்தால், இரு தரப்பும் தாங்களே பெரும்பான்மை என்று சொல்லும். இரு தரப்பாலும் அதை நிரூபிக்க முடியாது.

சம்பளத்தில் பிடித்த காலம்

மலேசியத் தமிழர்களுக்குச் சந்தா புதிய சங்கதி அல்ல. 1954-இல் பல தோட்டத் தொழிற்சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. அதன் பொதுச் செயலாளராக நெடுங்காலம் இருந்தவர் பி.பி. நாராயணன். நாட்டின் மிகப் பெரிய தொழிற்சங்கமாக அது வளர, தொழிலாளர்கள் மாதாமாதம் செலுத்திய சிறு சந்தாவே அடித்தளம். தோட்டக் கிராணிமாருக்கும் மற்ற அலுவலகப் பணியாளர்களுக்கும் அமேசு என்ற தனிச் சங்கம் இருந்தது.

தொழிற்சங்கச் சந்தாவுக்கு ஒரு தனி வசதி உண்டு. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவின்படி, தொழிலாளி எழுத்து மூலம் கேட்டுக்கொண்டால், முதலாளி அவரது சம்பளத்திலிருந்து சந்தாவைப் பிடித்துச் சங்கத்துக்கு அனுப்பலாம். பதிவு பெற்ற தொழிற்சங்கத்தின் நுழைவுக் கட்டணம், சந்தா ஆகியவற்றுக்கும், கூட்டுறவுச் சிக்கனக் கடன் சங்கத்துக்குச் சேர வேண்டிய தொகைக்கும் இது பொருந்தும். தொழிலாளியின் எழுத்து மூலக் கோரிக்கை இல்லாமல் முதலாளி தாமாகப் பிடிக்க முடியாது.

இந்த முறையால் நிலுவை குறைந்தது, பணம் குறித்த நாளில் வந்தது. ஆனால் அதில் ஒரு குறையும் இருந்தது. பணம் தானாக வந்ததால், உறுப்பினரை நேரில் பார்த்துக் கேட்க வேண்டிய அவசியம் சங்கத்துக்கு இல்லாமல் போனது. சம்பளச் சீட்டில் ஒரு வரியாக இருந்த சந்தா எதற்குப் போகிறது என்று தெரியாத உறுப்பினர்களும் இருந்தார்கள். தோட்ட வேலையை விட்டவுடன் பிடித்தம் நின்றது. பிடித்தத்தோடு பலருக்குச் சங்க உறவும் நின்றது.

இதற்கு மாறான ஒரு முன்மாதிரி 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். அப்போது வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்தன. வேலையும் லயத்து வீடும் ஒன்றாகப் பறிபோகும் நிலை. மஇகா தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கலாம் என்று பேசினார். 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகப் பத்து மாதத்தில் கட்டலாம் என்பது ஏற்பாடு. கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம் அப்படி வாங்கப்பட்டது. கோலாலம்பூரில் உள்ள விஸ்மா துன் சம்பந்தன் இன்றும் அந்தச் சங்கத்தின் அடையாளமாக நிற்கிறது.

கூட்டுறவுப் பங்கும் சங்கச் சந்தாவும் ஒன்றல்ல. பங்குப் பணம் உறுப்பினரின் உடைமை. சந்தா கொடுத்துவிட்ட பணம். ஆனால் இரண்டுக்கும் பொதுவான பாடம் ஒன்று உண்டு. எதற்காகக் கேட்கிறோம் என்பதை நேரில் சொல்லி, ஒருவரால் கட்ட முடிந்த தொகையை, அவர் கையில் காசு இருக்கும் நாளில், அவர் பெயரில் பதிந்து வாங்கினால் ஏழைத் தொழிலாளியும் கட்டுவார்.

எந்தச் சட்டத்தின் கீழ் பதிவு?

சந்தா விதிகள் சங்கம் எங்கே பதிவாகியிருக்கிறது என்பதைப் பொறுத்தவை. பொறுப்பேற்கும் செயலவை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

ஏழு பேருக்குக் குறையாதவர்கள் சேர்ந்து அமைக்கும் பெரும்பாலான சமூக, சமய, தொழில்சார் சங்கங்கள் 1966-ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின் கீழ் வருகின்றன. உள்துறை அமைச்சின் கீழ் இயங்கும் சங்கங்களின் பதிவிலாகா, அதாவது ஆர்ஓஎஸ், இவற்றைக் கண்காணிக்கிறது.

தொழிலாளர்களின் சங்கங்கள் 1959-ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டத்தின் கீழ் வேறு இலாகாவில் பதிவாகின்றன. கூட்டுறவுச் சங்கங்களுக்கு 1993-ஆம் ஆண்டு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டமும் மலேசியக் கூட்டுறவு ஆணையமும் உண்டு. இளைஞர் சங்கங்களுக்கு 2007-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆர்ஓஎஸ் கீழ் வராது; அது கல்விச் சட்ட விதிகளின்படி நடக்கிறது.

சில தொழில்களில் சந்தாவைச் சட்டமே கட்டாயமாக்குகிறது. 1976-ஆம் ஆண்டு சட்டத் தொழில் சட்டத்தின்படி, தீபகற்ப மலேசியாவில் தொழில் நடத்தும் வழக்கறிஞர் ஒவ்வோர் ஆண்டும் தொழில் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். வழக்கறிஞர் மன்றச் சந்தாவைக் கட்டாமல் அதைப் பெற முடியாது. 1959-இல் தொடங்கிய மலேசிய மருத்துவச் சங்கத்தின் நிலை வேறு. மருத்துவர் தொழில் செய்ய மருத்துவ மன்றத்தில் பதிவும் ஆண்டுச் சான்றிதழும் வேண்டும்; ஆனால் மருத்துவச் சங்கத்தில் சேருவது அவர் விருப்பம்.

நம்மவர் நடத்தும் தொழில் சங்கங்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த இரண்டாவது வகை. முடிதிருத்துவோர், பொற்கொல்லர், உணவக உரிமையாளர் ஆகியோரின் சங்கங்களில் சேராமலும் கடை நடத்தலாம். ஆகவே அந்நியத் தொழிலாளர் அனுமதி, உரிமம் புதுப்பித்தல், ஊராட்சி மன்றத்தோடு பேச்சு என உறுப்பினருக்குப் பயன்படும் வேலை ஏதாவது நடந்துகொண்டே இருந்தால்தான் அடுத்த ஆண்டுச் சந்தா வரும்.

விதிகளில் சந்தா

சந்தா எவ்வளவு என்பதைத் தலைவரோ பொருளாளரோ முடிவு செய்ய முடியாது. அது சங்கத்தின் விதிகளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பழைய சங்கங்களில் விதிப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்றே தெரியாத நிலை உண்டு. அதன் பிரதியைத் தேடி எடுத்துக் கீழ்க்கண்டவற்றைச் சரிபார்ப்பது முதல் வேலை.

நுழைவுக் கட்டணம்: சேரும்போது ஒரே முறை கட்டுவது.

மாத அல்லது ஆண்டுச் சந்தா: எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பதையும் விதி சொல்ல வேண்டும்.

சிறப்பு வசூல்: கட்டடப் பழுது, வழக்குச் செலவு போன்ற குறிப்பிட்ட காரியத்துக்கு உறுப்பினரிடம் கூடுதலாகக் கேட்பது. இதற்குப் பொதுக்கூட்டத்தின் ஒப்புதல் வேண்டும் என்பது வழக்கமான விதி.

நிலுவை: எத்தனை மாதம் கட்டாவிட்டால் உரிமை நிற்கும், எத்தனை மாதத்தில் உறுப்பியம் போகும் என்ற வரம்பு. பல சங்கங்களின் விதிகளில் மூன்று மாதம் பாக்கி வைத்தால் செயலாளர் கையெழுத்திட்ட நினைவூட்டுக் கடிதம் போகும். கட்டும்வரை உறுப்பினர் உரிமை நிற்கும். பாக்கி மேலும் நீண்டால் உறுப்பியம் தானே முடிவுக்கு வரும். தொழிற்சங்கங்களில் 13 வாரக் கணக்கு பரவலாக உள்ளது.

மீண்டும் சேருதல்: விலகியவர் திரும்பி வந்தால் பழைய பாக்கியைக் கட்ட வேண்டுமா, புதிய உறுப்பினராகச் சேர வேண்டுமா என்பது.

சந்தாத் தொகையை மாற்றுவது விதித் திருத்தம். பொதுக்கூட்டத்தில் நிறைவேற்றி, 60 நாளுக்குள் பதிவிலாகாவுக்கு அனுப்பி, ஒப்புதல் வந்த பிறகே அது நடப்புக்கு வரும். கூட்டத்தில் கைதட்டி ஏற்றுக்கொண்டதால் மட்டும் மறுநாள் முதல் புதிய தொகையை வாங்கிவிட முடியாது.

தொகையை எப்படி முடிவு செய்வது?

பக்கத்துச் சங்கம் 30 ரிங்கிட் வாங்குகிறது, நாமும் வாங்குவோம் என்பதுதான் பலரின் கணக்கு. செலவிலிருந்து தொடங்குவதே சரியான வழி.

120 உறுப்பினர் உள்ள ஒரு சங்கத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு மண்டப வாடகை 1,200 ரிங்கிட், எழுதுபொருள், தபால், வங்கிச் செலவு 600, பொதுக்கூட்டமும் சாப்பாடும் 1,800, ஒதுக்கு நிதி 1,200. மொத்தம் 4,800 ரிங்கிட். தலைக்கு 40 என்று வருகிறது. ஆனால் எல்லாரும் கட்டமாட்டார்கள். ஐந்தில் ஒருவர் தவறினால் கட்டுவோர் 96 பேர். தேவைப்படும் தொகை 50 ரிங்கிட். 40 என்று வைத்த சங்கம் ஆண்டு இறுதியில் 960 ரிங்கிட் குறையோடு நிற்கும். அந்தக் குறையைத் தலைவர் தம் சட்டைப் பையிலிருந்து போடுவார். அடுத்த தேர்தலில் அதுவே பேச்சாகும்: "என் காசில்தான் இந்தச் சங்கம் நடந்தது!" உறுப்பினர் சந்தாவில் நடக்காத சங்கம் யாரோ ஒருவரின் சங்கமாகிவிடுவது இப்படித்தான்.

ஆயுள் உறுப்பியத்திலும் கவனம் வேண்டும். ஆண்டுச் சந்தா 50, ஆயுள் சந்தா 500 என்று வைத்து 60 பேர் சேர்ந்தால் 30,000 ரிங்கிட் ஒரே ஆண்டில் கைக்கு வரும். அதை அப்படியே மண்டபத்துக்குச் சாயம் பூசவும் நாற்காலி வாங்கவும் செலவிட்டால், அடுத்த ஆண்டிலிருந்து அந்த 60 பேரின் 3,000 ரிங்கிட் வருமானம் நின்றுவிடும். அவர்களுக்குச் செய்ய வேண்டிய சேவை மட்டும் நிற்காது. ஆயுள் சந்தாவை வங்கியில் நிரந்தர வைப்பில் போட்டு, அதன் வருமானத்தையும் ஆண்டுக்குக் கொஞ்சம் அசலையும் எடுத்துக்கொள்வதே நிதானமான வழி.

கையில் வாங்கும் பணம், கணக்கில் ஏறும் பணம்

வசூலில் வரும் சண்டைகளில் பல நேர்மையின்மையால் வருபவை அல்ல. திருமண வீட்டில் 50 ரிங்கிட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்த பொருளாளர், யார் கொடுத்தது என்பதை மறந்துபோவதால் வருபவை. கொடுத்தவர் மறப்பதில்லை.

இதைத் தவிர்க்கச் சில எளிய பழக்கங்கள் போதும்.

ஒன்று, ரசீது இல்லாமல் பணம் வாங்கக் கூடாது. வரிசை எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகம் வேண்டும். கெட்டுப்போன ரசீதைக் கிழித்து எறியாமல், குறுக்குக் கோடு போட்டுப் புத்தகத்திலேயே விட்டுவைக்க வேண்டும். எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்பதைச் செயலாளர் குறித்து வைக்க வேண்டும்.

இரண்டு, வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். பொருளாளரின் சொந்தக் கணக்கில் "தற்காலிகமாக" வாங்குவது கூடாது. அவருக்கு உடல்நலம் கெட்டாலோ, அவர் காலமானாலோ, அந்தப் பணத்தைச் சங்கத்துடையது என்று நிரூபிக்க அவரது குடும்பத்தோடு போராட வேண்டி வரும். காசோலைக்கு இருவரோ மூவரோ கையெழுத்திடும் ஏற்பாடு விதியில் இருக்கும். இணைய வங்கிச் சேவைக்கும் அதே போல இருவர் ஒப்புதல் கேட்க வேண்டும்.

மூன்று, டுயிட்நவ் கியூஆர் வசதியைப் பயன்படுத்தலாம். சிதறிக் கிடக்கும் உறுப்பினருக்கு அது பழைய சம்பள நாள் வரிசைக்கு ஈடு. ஆனால் வங்கிக் கணக்கு அறிக்கையில் மகன் பெயரோ மருமகள் பெயரோதான் வரும். அப்பாவின் சந்தாவை மகள் கட்டியிருப்பார். ஆகவே பணம் செலுத்தும்போது உறுப்பினர் எண்ணைக் குறிப்பிடச் சொல்ல வேண்டும். அதற்கும் ரசீது போட்டு அனுப்ப வேண்டும்.

நான்கு, மாதம் ஒரு முறை மூன்று தொகைகள் ஒத்துப்போக வேண்டும்: ரசீதுகளின் கூட்டுத் தொகை, வங்கியில் ஏறிய தொகை, உறுப்பினர் பதிவேட்டில் குறித்த தொகை. வித்தியாசம் இருந்தால் அந்த மாதமே தேடினால் கிடைக்கும். பதினொரு மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காது.

ஐந்து, சந்தாவையும் நன்கொடையையும் கலக்கக் கூடாது. திருவிழாவுக்கு ஒருவர் கொடுத்த 500 ரிங்கிட் அவரது சந்தா பாக்கியைத் தீர்க்காது. இரண்டுக்கும் தனித்தனி ரசீது வேண்டும். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் ஒப்புதல் பெற்ற அமைப்புகளுக்குத் தரும் நன்கொடைக்குத்தான் வரி விலக்கு. சாதாரணச் சங்கத்தின் சந்தா ரசீதை வரிக்குக் காட்டலாம் என்று சொல்லி உறுப்பினர் சேர்ப்பது தவறு. பொதுமக்களிடம் வீடு வீடாகவோ தெருவிலோ நன்கொடை திரட்ட 1947-ஆம் ஆண்டு சட்டப்படி காவல்துறையின் உரிமம் தேவை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். உறுப்பினரிடம் சந்தா வாங்குவது வேறு, ஊரில் வசூலுக்குப் போவது வேறு.

பாக்கியைக் கேட்பது

நம்மவரிடையே பணம் கேட்பது கூச்சமான காரியம். கேட்பவரும் கேட்கப்படுபவரும் ஒரே ஊர்க்காரர்கள், பல நேரம் சம்பந்தி முறை. "அடுத்த மாசம் போடுறேன் அண்ணே" என்றால் அதற்கு மேல் பேச முடியாது. ஒருவர் மூன்று ஆண்டு பாக்கி வைத்த பிறகு, முழுத் தொகையைக் கட்டுவதைவிட சங்கப் பக்கம் போகாமல் இருப்பதே அவருக்குச் சுலபமாகிவிடும்.

ஆகவே பாக்கி சிறிதாக இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். தேதி தவறிய முதல் மாதத்திலேயே எல்லாருக்கும் ஒரே வாசகத்தில் நினைவூட்டுச் செய்தி போனால், யாரும் தம்மைத் தனியாகக் குத்திக்காட்டியதாக நினைக்கமாட்டார்கள். இரண்டாவது முறை தொலைபேசியில் ஒருவர் நலம் விசாரித்துப் பேசலாம். மூன்றாவது முறை விதி சொல்லும் கடிதம். பாக்கிக்காரர்களின் பெயர்களைப் புலனக் குழுவில் போட்டு அவமானப்படுத்துவது பணத்தைக் கொண்டுவருவதில்லை, ஆளைத்தான் விரட்டுகிறது.

வேலை இழந்தவர், நீண்ட நோயில் இருப்பவர், கணவரை இழந்த பெண் ஆகியோருக்குச் சலுகை காட்ட விரும்பும் சங்கம் அதை விதியிலேயே எழுதிவைக்கலாம். செயலவை தன் விருப்பப்படி ஒருவருக்குத் தள்ளுபடி செய்துவிட்டு, இன்னொருவரின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தால், அது கருணையாகத் தெரியாது. ஆள் பார்த்துச் செய்ததாகத்தான் தெரியும்.

தேர்தலுக்கு முந்தைய வாரம்

சங்கத் தகராறுகள் வெடிக்கும் நேரம் இதுதான். ஆண்டு முழுவதும் எட்டிப் பார்க்காத ஒருவர், பொதுக்கூட்டத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது நாற்பது பேரின் சந்தாவை மொத்தமாகக் கொண்டுவந்து வைப்பார். வாங்கினால் எதிர்த்தரப்பு கேட்கும். வாங்காவிட்டால் அந்த நாற்பது பேரும் கேட்பார்கள்.

அப்போது உட்கார்ந்து யோசிப்பதால் பயனில்லை. ஓட்டுரிமைக்கான கடைசித் தேதி விதியில் முன்கூட்டியே இருக்க வேண்டும். அந்தத் தேதிக்குள் வந்த சந்தா மட்டுமே அந்தக் கூட்டத்துக்குச் செல்லும். பிறகு வருவதை வாங்கிக்கொள்ளலாம். ஓட்டு அடுத்த கூட்டத்தில்தான். ஒருவர் பலருக்காகக் கட்டினாலும், ரசீது ஒவ்வோர் உறுப்பினரின் பெயரிலும் தனித்தனியே போக வேண்டும். பிறகு தகுதி பெற்றோர் பட்டியலைக் கூட்டத்துக்கு முன்பே உறுப்பினர்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபம் சொல்ல நாள் கொடுக்க வேண்டும்.

மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரசான எம்டியுசியில் இணைந்துள்ள சங்கங்கள் தத்தம் உறுப்பினர் எண்ணிக்கைக்கு ஏற்பவே இணைப்புச் சந்தா கட்டுகின்றன. எண்ணிக்கை, சந்தா, பிரதிநிதித்துவம் மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்ற அதே கொள்கைதான் பத்துப் பேர் செயலவை கொண்ட ஊர்ச் சங்கத்துக்கும்.

கோரம் கணக்கும் இதே பட்டியலைச் சார்ந்தது. பல சங்கங்களின் விதிப்படி, ஓட்டுரிமை உள்ளோரில் பாதிப்பேர் அல்லது செயலவை எண்ணிக்கையின் இரு மடங்கு, இரண்டில் எது குறைவோ அது கோரம். இறந்தவர், ஊர் மாறியவர், பத்தாண்டாகக் கட்டாதவர் எல்லாரும் பட்டியலில் இருந்தால், சங்கத்தின் உண்மையான பலம் செயலாளருக்கே தெரியாது.

கணக்கு, பொதுக்கூட்டம், 60 நாள்

ஆண்டுக் கணக்கைப் பொருளாளர் தயாரித்து, செயலவையில் இல்லாத உட்கணக்காய்வாளர்கள் சரிபார்த்து, பொதுக்கூட்டம் ஏற்க வேண்டும். உட்கணக்காய்வாளருக்கு ரசீதுப் புத்தகம், வங்கி அறிக்கை, செலவுச் சீட்டுகள், உறுப்பினர் பதிவேடு நான்கையும் கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பாவது கொடுக்க வேண்டும். கூட்ட நாளன்று காலையில் கையெழுத்து வாங்குவது கணக்காய்வு அல்ல.

பொதுக்கூட்டம் நடந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கையைப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும் என்கிறது சங்கங்கள் சட்டத்தின் 14-ஆவது பிரிவு. கூட்டமே நடக்காத ஆண்டிலும் இந்தக் கடமை நீங்காது. ஆண்டு முடிந்த 60 நாளுக்குள் அனுப்ப வேண்டும். பொறுப்பாளர் பட்டியல், கணக்கு ஆகியவை அதில் அடங்கும். இப்போது இரோசஸ் எனப்படும் இணைய முறையில் அனுப்பப்படுகிறது. அதன் கடவுச்சொல் பழைய செயலாளரிடமே தங்கிவிட்டதால் புதிய செயலவை திண்டாடுவது சகஜம். பதவி ஒப்படைப்பில் சாவி, முத்திரை, விதிப் புத்தகம் ஆகியவற்றோடு இதையும் எழுதி வாங்க வேண்டும்.

உறுப்பினர்களுக்கோ பொறுப்பாளர்களுக்கோ இடையே தகராறு இருப்பதாகப் பதிவதிகாரி கருதினால், 16-ஆவது பிரிவின்படி அறிவிப்பு கொடுத்து, ஒரு மாதத்துக்குள் அது தீர்ந்ததற்கான சான்றைக் கேட்கலாம். காட்டத் தவறினால் பதிவு ரத்தாகும் நிலை வரும். பதிவு ரத்தானால் செயலவைக்குச் சங்கச் சொத்தை நிர்வகிக்கும் உரிமை இருக்காது. பெற்றோர் 2 வெள்ளியும் 5 வெள்ளியுமாகச் சேர்த்துக் கட்டிய மண்டபம், யாருக்கு ஓட்டு இருந்தது என்ற ஒரு பட்டியல் இல்லாததால் கைவிட்டுப் போகலாம்.

சிதறிய உறுப்பினரை மீண்டும் சேர்ப்பது

தோட்டம் கலைந்த சங்கங்கள் ஒரு முறை அடியிலிருந்து பதிவேட்டைப் புதுப்பிப்பது நல்லது. பெயர், அடையாள அட்டை எண், இன்றைய முகவரி, கைத்தொலைபேசி எண், சேர்ந்த தேதி, கடைசியாகச் சந்தா கட்டிய தேதி ஆகிய ஆறு விவரங்கள் போதும். அடையாள அட்டை எண்கள் உள்ள பட்டியலைக் குழுவில் பகிரக் கூடாது. செயலாளரும் பொருளாளரும் மட்டும் வைத்திருக்க வேண்டும்.

ஆலயத் திருவிழா, தீபாவளி ஒன்றுகூடல், பள்ளி விளையாட்டுப் போட்டி ஆகியவைதான் இன்று பழைய தோட்டத்து மக்கள் ஒரே இடத்தில் கூடும் நாள்கள். அங்கே ஒரு மேசை, ரசீதுப் புத்தகம், கியூஆர் அட்டை, பதிவேட்டோடு இருவர் உட்கார்ந்தால், பழைய சம்பள நாள் மாலையில் நடந்த வேலை திரும்பவும் நடக்கும். போன ஆண்டுச் சந்தா எதற்குச் செலவானது என்ற ஒரு பக்க அறிக்கையையும் அந்த மேசையில் வைத்தால், கேட்காமலேயே கட்டுவோரும் உண்டு.

உறுப்பினருக்கும் ஒரு கடமை இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை நான்கு கேள்விகளைக் கேட்கலாம். என் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா? எதுவரை கட்டியிருக்கிறேன்? கணக்கைச் சரிபார்த்தவர் யார்? ஆண்டறிக்கை பதிவிலாகாவுக்குப் போய்விட்டதா? இவற்றுக்கு உடனே பதில் சொல்லும் செயலாளர் இருக்கும் சங்கத்தில் சந்தா கட்டுவது வீண் போகாது. பதில் வராவிட்டால் அடுத்த பொதுக்கூட்டத்துக்கு நேரில் போய்க் கேட்கலாம். அப்படிக் கேட்கும் உரிமைக்கும் கையில் இந்த ஆண்டு ரசீது இருக்க வேண்டும்.